சினிமா மதுரை எப்போது அரிவாள் மதுரை ஆனது?

#1 வைகைக்கரையான்

2024 ஏப்ரலில் கில்லி மறுபடி வெளியானபோது கோயம்புத்தூரில் போய்ப் பார்த்தேன். 20 வருடம் கழித்தும் திருவிழாக் கூட்டம். பிரகாஷ்ராஜ் நடித்த மதுரை வில்லன் முத்துப்பாண்டி திரையில் வந்ததும் அவ்வளவு விசில். இடைவேளையில் பக்கத்து சீட்டுத் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தபோது நான் மதுரை என்றேன். உடனே அவன், "அண்ணே, உங்க ஊர்ல நெஜமாவே இப்படித்தானா?" என்று கேட்டான். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். இதே கேள்வியை வேறு விதத்தில் நான் முன்பே அனுபவித்திருக்கிறேன். வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது ஒரு வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் ஊர் எது என்று கேட்டார். மதுரை என்றதும் சாயங்காலம் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார், அப்புறம் போனே எடுக்கவில்லை.

அன்றிலிருந்து இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் அப்பா காலத்து சினிமாவில் மதுரை என்றால் என்ன? 1956-இல் மதுரை வீரன். 1965-இல் திருவிளையாடல், அதில் பாண்டியன் சபை, சங்கப் புலவர்கள், ஆயிரம் பொன்னுக்காகக் கோயிலில் நின்று புலம்பும் தருமி. 1978-இல் எம்.ஜி.ஆரின் கடைசிப் படமே மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்தான். ஆக, இருபது வருடத்துக்கு மேல் மதுரை என்பது அரசனும் கடவுளும் தமிழும் இருந்த ஊர். நக்கீரர் கடவுளிடமே குற்றம் கண்டுபிடிக்கும் ஊர். அந்த ஊர் எப்படி டாடா சுமோவில் பத்துப்பேர் அரிவாளோடு வந்து இறங்கும் ஊராக மாறியது? ஊர் மாறியதா, இல்லை பார்க்கிற கண் மாறியதா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. மதுரையில் கொலையே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எல்லா ஊரிலும் நடப்பதை ஒரு ஊரின் பெயரில் மட்டும் எழுதி வைத்துவிட்டார்கள்.

உங்களுக்குத் தெரிந்த படங்களை வைத்துப் பேசுங்கள்.

#2 ஓசூர்க்காரன்

கில்லியில் இருந்து தொடங்கியது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அந்த மதுரையே மதுரை இல்லை. கில்லி, 2003-இல் வந்த ஒக்கடு என்ற தெலுங்குப் படத்தின் மறுஆக்கம். அங்கே பிரகாஷ்ராஜ் கர்நூல்காரர், பெயர் ஓபுல் ரெட்டி. தெலுங்கில் அதற்கு முன்னாலேயே ராயலசீமா என்றால் பரம்பரைப் பகை, வெடிகுண்டு, வெள்ளை வேட்டி, வரிசையாகக் கார்கள் என்று ஒரு அச்சு தயாராக இருந்தது. 1999-இல் சமரசிம்ம ரெட்டி, 2002-இல் ஆதி, இந்திரா என்று வரிசையாக ஓடிய படங்கள் போட்ட அச்சு. தமிழுக்குக் கொண்டுவரும்போது ஐதராபாத்துக்குப் பதில் சென்னை. சார்மினாருக்குப் பதில் கலங்கரை விளக்கம். கர்நூலுக்குப் பதில்? யாரோ மதுரை என்று எழுதினார்கள், அவ்வளவுதான்.

நான் ஓசூரில் இரண்டு மொழிப் படமும் பார்த்து வளர்ந்தவன். கர்நூல், கடப்பாவில் இருந்து வரும் நண்பர்களும் ஐதராபாத்தில் இதே கேள்வியைத்தான் சந்திக்கிறார்கள். "குண்டு கொண்டு வந்திருக்கியா?" என்று விடுதியில் கேட்பார்களாம். மழை இல்லாத, தலைநகரத்தில் இருந்து தூரத்தில் இருக்கிற, வேலை தேடி வெளியே போகிறவர்கள் நிறைய இருக்கிற பகுதிக்குத்தான் இந்த வேடம் கிடைக்கிறது. இதைக் கவனியுங்கள்.

#3 மாசி வீதி

தம்பி ஓசூர் சொல்வது சரிதான், ஆனால் எல்லாப் பழியையும் கர்நூலில் இருந்து வந்த பார்சல் மேல் போட முடியாது. 1992-இல் தேவர் மகன் வந்துவிட்டது. அந்தப் படம் அரிவாளைக் கீழே போடு, பிள்ளைகளைப் படிக்க வை என்றுதான் முடிகிறது. ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு வந்தார்கள்? மீசையையும் 'போற்றிப் பாடடி பெண்ணே' பாட்டையும். அந்தப் பாட்டு எத்தனை ஊர்வலத்தில், எந்தத் தெருவுக்குள் நுழையும்போது சத்தம் கூட்டி ஒலித்தது என்று மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். படம் எடுத்தது பெரும்பாலும் பொள்ளாச்சிப் பக்கம் என்பது வேறு கதை.

#4 கிளாப் போர்டு

நான் உதவி இயக்குநராகப் பத்து வருடம் ஓடியவன். கதை விவாதத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டை சினிமா வியாபாரம் ஏழாகப் பிரிக்கும். சென்னை சிட்டி, செங்கல்பட்டு, கோவை, சேலம், திருச்சி-தஞ்சாவூர், மதுரை-ராமநாதபுரம், நெல்லை-குமரி. இதில் மதுரை-ராமநாதபுரத்தை எம்.ஆர். என்பார்கள். ஒரு நடிகர் 'மாஸ்' ஆக வேண்டுமென்றால் எம்.ஆர். ஏரியாவில் எடுபட வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் தயாரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி, "களம் எங்கே வைக்கிறோம்?" மதுரை என்றால் முகம் மலரும். வில்லனுக்குப் பெயர், வீடு, கூட்டம் எதுவும் புதிதாக யோசிக்க வேண்டாம். கம்பெனியில் அதே வேட்டி, அதே துண்டு, அதே தகர அரிவாள். சண்டைக் கலைஞர்களுக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்களே தயாராக நிற்பார்கள். 2004-இல் கில்லி ஓடியது, அடுத்த வருடம் திருப்பாச்சி, சண்டக்கோழி. ஒரு படம் ஓடினால் அதே அச்சில் பத்துப் படம் வரும், பத்தில் எட்டு விழும், ஆனால் அந்த எட்டும் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பெயர் கெடுவது அங்கேதான்.

இன்னொன்று. திருப்பாச்சேத்தி அரிவாள் என்பது நிஜம். சிவகங்கை மாவட்டத்து ஊர், பட்டறைகள் நிறைய. நான் ஒரு படத்துக்காக அங்கே போனபோது பட்டறைப் பெரியவர் ஒருவர் எனக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இது கருவேல மரம் வெட்ட, இது தேங்காய்க்கு, இது வாழைத்தார் இறக்க, இது கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் வைக்க. கடைசியில், "இதுல எதுய்யா உங்களுக்கு வேணும்?" என்று கேட்டார். எங்களுக்கு வேண்டியது அதில் எதுவுமே இல்லை.

#5 உசிலை மகள்

நீங்கள் எல்லோரும் அரிவாளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கிடைத்த முத்திரை வேறு. நான் கல்லூரிக்குச் சென்னைக்குப் போனது 1995-இல். ஊர் உசிலம்பட்டி என்றதும் ஒரு பேராசிரியை என்னைப் பார்த்த பார்வையை இன்று வரை மறக்கவில்லை. "நீ எப்படிம்மா தப்பிச்ச?" என்றார்.

1986-இல் ஒரு ஆங்கிலப் பத்திரிகை எங்கள் பகுதியின் பெண்சிசுக் கொலை பற்றி அட்டைப்படக் கட்டுரை போட்டது. அது தேவையான கட்டுரை. நடந்தது உண்மை, எங்கள் பாட்டிகளிடம் கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வார்கள். அப்புறம் 1993-இல் ஜென்டில்மேன் படத்தில் உசிலம்பட்டிப் பெண்ணை வைத்து ஒரு துள்ளல் பாட்டு. அடுத்த வருடம் பெண்சிசுக் கொலையைப் பற்றிய கருத்தம்மா. ஒரு வருடம் ஆட்டம், மறு வருடம் சாவு. கருத்தம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தேசிய விருது வாங்கிய படம், சுவர்ணலதா பாடிய அந்தப் பாட்டைக் கேட்டால் இன்றும் நெஞ்சு அடைக்கும். பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர், எங்கள் மண்ணைத் தெரிந்தவர், கோபத்தோடுதான் எடுத்தார். ஆனால் அந்தக் கொடுமை எங்கள் ஊரில் மட்டுமா இருந்தது? சேலத்திலும் தர்மபுரியிலும் இருந்தது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியதே சேலத்தில்தான். நகரத்தில் ஸ்கேன் பார்த்துக் கருவிலேயே அழித்தவர்கள் மேல் எந்தப் படமும் ஊர்ப்பெயரை ஒட்டவில்லை.

வரதட்சணை, சீர், நகை எல்லாம் சேர்ந்துதான் பெண் என்றால் பாரம் என்று ஆனது. அதே சீரையும் மாமன் உறவையும் கிழக்குச் சீமையிலே படம் எவ்வளவு அழகாகக் காட்டியது! அண்ணன் தங்கை பாசத்தைப் பார்த்து அழுத ஊர்தான் நாங்கள். அந்தச் சீரின் கணக்கை யார் சுமந்தார்கள் என்று அந்தப் படம் கேட்கவில்லை.

#6 நெல்லைச்சீமை

பேச்சு வழக்கு பற்றி யாராவது பேசுவார்கள் என்று பார்த்தேன். மதுரைப் படம் என்று போட்டுவிட்டு "ஏலே", "வாலே" என்று பேச விடுகிறார்களே, அது எங்கள் ஊர்ப் பேச்சு, தாமிரபரணிக் கரைப் பேச்சு. மதுரைக்காரர்கள் "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்பார்கள், "அங்கிட்டு இங்கிட்டு" என்பார்கள். இந்த இரண்டையும் சேர்த்துக் குழைத்து சினிமாவுக்கென்றே ஒரு தென்மாவட்டத் தமிழ் செய்துவிட்டார்கள். அது எந்த ஊரிலும் பேசாத தமிழ்.

மதுரைப் பேச்சை உள்ளபடி தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனவர் என்றால் என் கணக்கில் வடிவேலுதான். அவர் பேசும்போது இழுப்பு, ஏற்ற இறக்கம், பயத்திலும் விடாத வீராப்பு எல்லாமே அந்த ஊர்த் தெருவில் நின்று கேட்கிற மாதிரி இருக்கும். அரிவாள் தூக்கிய மதுரைக்காரர்களை விட, அடிவாங்கிக்கொண்டு சட்டையை உதறிவிட்டு நடக்கிற அந்த மதுரைக்காரன்தான் எங்கள் வீட்டில் சொந்தக்காரன் மாதிரி.

#7 ஜெய்ஹிந்துபுரம்

எனக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. 1980-இல் நான் கல்லூரி முதல் வருடம். அந்த வருடத்து மதுரையைக் காட்டும் சுப்பிரமணியபுரம் படத்தைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி தூங்கவில்லை.

இந்த இழையில் அந்தப் படத்தையும் கில்லியையும் ஒரே கூடையில் போட்டுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். வேலை இல்லாமல் தெருமுனையில் உட்கார்ந்திருந்த பையன்கள், அவர்களைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திவிட்டு ஜெயிலில் விட்டுவிட்ட அரசியல்வாதி, அதைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்த தெரு, இது நாங்கள் கண்ணால் கண்டது. என் வகுப்பில் படித்தவன் ஒருவன் அப்படித்தான் போனான். முரட்டுக்காளை வெளியான அன்று தியேட்டரில் நடக்கும் ஆட்டம் அந்தப் படத்தில் வருமே, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்த மாதிரியே இருந்தது. பெல்பாட்டம், காது மூடும் கிராப்பு, ரேடியோவில் பாட்டு, எல்லாம் சரி. ஆனால் அதைவிட முக்கியமானது, அதில் கத்தியை எடுத்தவன் எவனும் ஜெயிக்கவில்லை. சண்டைக்குப் பின்னால் இசை போட்டு அவனைத் தூக்கி நிறுத்தவில்லை. குத்துப்பட்டவன் வலியோடு சாகிறான், காட்டிக்கொடுத்தவள் அழுகிறாள், நண்பனே நண்பனை விற்கிறான்.

வன்முறையைக் காட்டுவது வேறு, அதை விற்பது வேறு. சுப்பிரமணியபுரம் எடுத்த சசிகுமார், பருத்திவீரன் எடுத்த அமீர், இயக்குநர் பாலா மூன்று பேரும் இந்தப் பக்கத்து ஆட்கள். வடக்கே அனுராக் காஷ்யப் 2012-இல் கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர் எடுத்தபோது, தன் வேர்களுக்குத் திரும்பத் தூண்டியவர்கள் என்று படத்தின் தொடக்கத்திலேயே இந்த மூன்று பேருக்கும் நன்றி போட்டார். அதில் எனக்குப் பெருமை உண்டு.

#8 வைகைக்கரையான்

ஜெய்ஹிந்துபுரம் ஐயா, சுப்பிரமணியபுரத்தை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆடுகளத்தையும்தான். அந்தச் சேவல் சண்டைப் படத்தை எடுத்த வெற்றிமாறன் மதுரைக்காரர் இல்லை, ஆனாலும் அதில் வசனத்தை விக்ரம் சுகுமாரனோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதினார், அதனால்தான் காது உறுத்தவில்லை. சேவலைக் கையில் பிடிக்கிற விதம், தண்ணி ஊதுகிற விதம், ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம், இதெல்லாம் வேறு யார் காட்டினார்கள்? பேட்டைக்காரனாக வந்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலன், குரல் ராதாரவி. வெளியூர்க்காரர்கள் சேர்ந்து எடுத்தும் ஊர் ஊராகவே இருந்தது. ஆறு தேசிய விருது. ஆக, உள்ளூர்க்காரன் எடுத்தால்தான் சரியாக வரும் என்றும் சொல்ல முடியவில்லை.

ஆனால் பருத்திவீரனில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. 2007-இல் பார்த்தபோது அந்த முகங்கள், கிராமத்துத் திருவிழா, சித்தப்பு எல்லாம் பார்த்து மயங்கிப்போனேன். இப்போது பார்க்க முடியவில்லை. நாயகி முத்தழகுக்கு நடப்பது நாயகன் வீரனுக்குத் தண்டனையாக எழுதப்பட்டிருக்கிறது. அவன் செய்த பாவத்துக்கு அவள் உடம்பு. அந்தப் படம் உண்மையான படம்தான், ஆனால் அதற்குப் பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது லுங்கியும் மப்பும் வாய்ச்சவடாலும் மட்டும்.

#9 மேலூர் வாய்க்கால்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அரிவாள் மதுரை, அரிவாள் மதுரை என்கிறீர்களே, அந்த அரிவாள் யார் கையில் இருந்தது, யார் கழுத்தில் விழுந்தது?

சினிமாவில் சண்டை எப்போதும் இரண்டு பெரிய குடும்பத்துக்கு நடுவில். பங்காளிப் பகை, மாமன் மச்சான் பகை, கோயில் முதல் மரியாதை. இரண்டு பக்கமும் நிலம், இரண்டு பக்கமும் மீசை. 1997 ஜூன் 30 அன்று எங்கள் மேலவளவில் நடந்தது அப்படி இல்லை. தனித் தொகுதியான ஊராட்சியில் தலைவராகத் தேர்வான முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். தேர்தலில் நின்றதுதான் குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருடம் தலைவர் பதவிக்குத் தேர்தலே நடத்த முடியாமல் 2006-இல்தான் நடந்தது. நான் பார்த்த மதுரைப் படங்கள் எதிலும் இது இல்லை. அதே வருடங்களில்தான் இந்தப் படங்கள் எல்லாம் வந்தன. எங்கள் தெரு அந்தப் படங்களில் வந்தால், பறையடிக்க நாலுபேர், ஓடிவந்து "ஐயா" என்று சொல்ல ஒருவர், அவ்வளவுதான்.

முதல் பதிவில் மதுரை வீரனைச் சொன்னீர்கள். வீரன் யார்? அருந்ததியர் வளர்த்த பிள்ளை, மாறுகால் மாறுகை வாங்கிக் கொல்லப்பட்டவன், இன்றும் மீனாட்சி கோயில் கிழக்கு வாசல் பக்கம் நின்று காவல் காக்கிற சாமி. 1956 படத்திலும் அவன் பிறப்பால் ராஜா வீட்டுப் பிள்ளை, வளர்ந்ததுதான் சேரியில். கதைப்பாடலிலும் அப்படி ஒரு வடிவம் உண்டு என்பார்கள், இருக்கட்டும். நாயகனாக வேண்டுமென்றால் பிறப்பை மாற்றியாக வேண்டும் என்பதை நாம் அன்றைக்கே ஒத்துக்கொண்டோம் இல்லையா? ஆகவே பழைய மதுரை புனிதமாக இருந்தது, 2004-இல் கெட்டுப்போனது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

#10 மாசி வீதி

மேலூர் தம்பி சொன்னதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முழுக்க உண்மை.

#11 உசிலை மகள்

மேலூர் சொன்னதை நானும் ஏற்கிறேன், எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் அதில் இருப்பதால் இன்னும் கனமாக இருக்கிறது. அதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும், இது அதற்குச் சமாதானம் இல்லை.

பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தையே குற்றவாளி என்று எழுதி வைப்பதை சினிமா கண்டுபிடிக்கவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911-இல். எங்கள் தாத்தாக்கள் ராத்திரி ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் போய் ரேகை வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டார்கள், மாயக்காள் என்ற பெண் உட்பட 15-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தச் சட்டம் மாகாணத்தில் 1947-இல்தான் நீங்கியது. வெள்ளைக்காரன் போலீஸ் குறிப்பேட்டில் எழுதிய ஆள், ஐம்பது வருடம் கழித்து மீசையை முறுக்கிக்கொண்டு திரைக்கு வந்தான், அதைப் பார்த்து எங்கள் பையன்களே கைதட்டினார்கள். எனக்கு வேதனை அங்கேதான். அவமானமாக ஒட்டியதைப் பெருமை என்று எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். அந்தப் பெருமையின் விலையை மேலூர் தம்பியின் தெரு கொடுத்தது.

#12 கைத்தறி

நாங்கள் சௌராஷ்டிரர்கள். மதுரையில் எங்கள் ஆட்கள் எத்தனை ஆயிரம் குடும்பம்! சுங்குடிப் புடவைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சுப் போட்டுப் போட்டு என் பாட்டிக்கு விரல் நுனி காய்ப்பு ஏறியிருக்கும். மதுரை வீரனில் எம்.ஜி.ஆருக்குக் குரல் கொடுத்த டி.எம்.சௌந்தரராஜன் எங்கள் தெருக்களில் வளர்ந்தவர். தமிழ் சினிமாவின் குரலே மதுரையின் நெசவாளர் சமூகத்தில் இருந்து வந்தது, ஆனால் மதுரைப் படங்களில் ஒரு தறிச் சத்தம் கேட்டதுண்டா? ஹார்வி மில் சங்கு கேட்டதுண்டா? மில்லும் தறியும் கோயிலும் சந்தையுமாக வேலை செய்து பிழைக்கிற ஊரை, வேலையே செய்யாதவர்களின் ஊராகக் காட்டிவிட்டார்கள். மதுரைப் படத்து நாயகன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது சொல்லுங்கள்.

#13 ஓசூர்க்காரன்

கைத்தறி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆண்டவன் கட்டளையில் ஒரு பதில் இருக்கிறது. மதுரைப் பக்கத்துப் பையன் கடனை அடைக்க லண்டன் போக வேண்டும், பாஸ்போர்ட்டில் பொய் எழுதி மாட்டிக்கொள்கிறான். அடிதடி இல்லை, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறான். அதை எடுத்த மணிகண்டன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்தான்.

#14 கிளாப் போர்டு

அதே மணிகண்டனின் கடைசி விவசாயி. 2022. உசிலம்பட்டி சுற்று வட்டாரத்தில் எடுத்தது. குலதெய்வத்துக்குப் படைக்கப் புது நெல் வேண்டும், ஊரில் விவசாயம் செய்கிற ஒரே ஆள் மாயாண்டித் தாத்தா. நல்லாண்டி என்ற நிஜ விவசாயியை நடிக்க வைத்தார், படம் வெளிவருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார், பிறகு தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு வந்தது. மயிலைக் கொன்றதாக வழக்குப் போட்டுக் கோர்ட்டில் நிறுத்தும்போதும் அவருக்கு நாற்றுக் காய்ந்துவிடுமே என்றுதான் கவலை. ஊரே ஒரு பெரிய மீசையைச் சுற்றி நிற்பதை எத்தனை படத்தில் பார்த்தோம், இதில் ஒரு கிழவரின் நெற்பயிரைச் சுற்றி நிற்கிறது.

அதற்கு முன்னால் 2018-இல் லெனின் பாரதியின் மேற்குத் தொடர்ச்சி மலை. தேனி மலையடிவாரம், ஏலக்காய் மூட்டை சுமக்கிற ரங்கசாமி, ஒரு துண்டு நிலம் வாங்கிவிட வேண்டும் என்று ஆயுள் முழுக்க ஏறி இறங்குகிறார். மூட்டை பள்ளத்தில் உருளும் காட்சியில் தியேட்டரில் நான் எழுந்தே நின்றுவிட்டேன். தேனி 1990-களில்தான் தனி மாவட்டம், அதுவரை அதுவும் மதுரை மாவட்டம்தான். அப்போது அதுவும் மதுரைப் படம் இல்லையா? யாரும் அப்படிச் சொல்வதில்லை. அரிவாள் இருந்தால் மட்டும் மதுரைப் படம் என்று நாமே பெயர் வைத்துவிட்டோம்.

#15 மேலூர் வாய்க்கால்

அப்படியானால் எங்கள் பக்கத்துக்கு வினோத்ராஜ். கூழாங்கல் எடுத்தது அரிட்டாபட்டியில், மேலூர் தாலுகா. 2021-இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது வாங்கிய முதல் தமிழ்ப்படம். குடிகாரத் தகப்பன் பள்ளிக்கூடத்தில் இருந்து பையனை இழுத்துக்கொண்டு, அம்மா வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டிவரப் போகிறான், திரும்பும்போது வெயிலில் நடை. அவ்வளவுதான் கதை. எலி பிடித்துச் சுட்டுத் தின்னும் குடும்பம் வருகிறது, ஊற்றில் தண்ணீர் சுரக்கும் வரை காத்திருந்து குடம் நிரப்பும் பெண்கள் வருகிறார்கள். தன் அக்காவுக்கு நடந்ததை வைத்து எடுத்தாராம். தகப்பன் கோபக்காரன்தான், கைநீட்டுகிறவன்தான். ஆனால் அந்தக் கோபம் எவ்வளவு சின்னது, எவ்வளவு பசியில் இருந்து வருகிறது என்று அந்தப் படம் காட்டிவிடும்.

அந்த அரிட்டாபட்டிதான் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பிறகு டங்ஸ்டன் சுரங்கம் என்று ஏலம் விட்டார்கள், ஊர் ஊராகத் திரண்டு நின்றதால் 2025 ஜனவரியில் ரத்தானது. அந்தப் போராட்டத்தில் எல்லாச் சாதியும் வந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். மேலூரில் இப்படியும் நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஆச்சரியப்படக் காரணம் சினிமாதான்.

#16 வைகைக்கரையான்

ஒரு வாரமாக எல்லாவற்றையும் படித்தேன். மேலூர் நண்பர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஊர் கெட்டபெயர் வாங்கியது 2004-இல் என்று நான் தொடங்கியது, என் வீட்டு மாடியில் இருந்து பார்த்த கணக்கு. அந்தப் பெயர் எனக்கு வாடகை வீட்டைத்தான் பறித்தது. வேறு சிலருக்கு அதே பெயர் ஊருக்குள்ளேயே பயமாக இருந்திருக்கிறது. அதை நான் யோசித்ததே இல்லை.

போன ஞாயிறு ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு கொட்டுக்காளி போட்டுக் காட்டினேன், அதுவும் வினோத்ராஜ் படம்தான். பேய் பிடித்திருக்கிறது என்று பெண்ணை ஆட்டோவில் ஏற்றிப் போகிறார்கள், அவள் மனதில் வேறு ஒருவன் இருப்பதுதான் அந்தப் பேய். பின்னணி இசையே இல்லை. அம்மா பாதியில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். வழியில் ஒரு காளை நின்று மறிக்கும், ஆண்கள் எல்லோரும் பயந்து நிற்பார்கள், ஒரு சின்னப்பெண் வந்து கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அந்த இடத்தில் அம்மா, "நம்ம வீட்டு மாட்டையும் நான்தான புடிச்சிட்டுப் போவேன், உங்க தாத்தாகிட்டகூட நிக்காது" என்றார். அம்மா மாடு பிடித்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

#17 நெல்லைச்சீமை

வைகை அண்ணே, அம்மா அப்புறம் என்ன சொன்னாங்க? படம் சட்டென்று முடியுமே.

#18 வைகைக்கரையான்

முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தப் பிள்ளையை என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார். படத்தில் சொல்லவில்லை அம்மா என்றேன். "சொல்ல வேணாம், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

#19 பூ மார்க்கெட்

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், நீண்ட நாளாகப் படிக்கிறேன். கைத்தறி அக்கா கேட்டார்களே, வேலை எங்கே என்று. தூங்காநகரம் என்று சொல்லிச் சொல்லி ராத்திரிக் கொலையைத்தான் படத்தில் காட்டுகிறார்கள். ராத்திரி யார் தூங்காமல் இருக்கிறார்கள் என்று நான் சொல்கிறேன். எங்கள் அம்மா மல்லிகை பறிக்கப் போவார். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், விலை போகாது, அதனால் இருட்டிலேயே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு காட்டில் இறங்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நான் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை பிரிக்கிறேன். முகூர்த்த நாளில் ஏறுகிற விலை மறுநாளே பாதிக்கும் கீழே போகும், அதைக் கணக்குப் பார்க்கிற முகங்களைக் காலையில் வந்து பாருங்கள். பாம்புக்குப் பயந்து பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே பறிப்பார்கள். அந்தப் பாட்டில் பாதி எனக்குத் தெரியும், மீதி அம்மாவுக்குத் தெரியும்.

கிளாப் போர்டு அண்ணன் யாரிடமாவது சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். வருகிறவர்களை நான் கூட்டிப் போகிறேன். காலை நாலு மணிக்கு வந்துவிட வேண்டும், செருப்பு போட்டு வரச் சொல்லுங்கள்.